எக்ஸ்-ரே அறைக்குள் பொறுப்பேற்க: ரேடியோகிராபி தொழில்நுட்பம் படிக்க விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் பலர், மருத்துவப் படிப்பு கைநழுவிய பிறகு, பாராமெடிக்கல் படிப்புகளின் பட்டியலில் கண்ணில் பட்ட ஒன்றாகத்தான் ரேடியோகிராபியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஆனால் 'மெஷினில் பட்டனை அழுத்தும் வேலைதானே' என்ற எண்ணத்தோடு சேர்பவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே சோர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் எடுக்கும் முடிவுகளில் பல, ஒரு படத்தின் தரத்தை நம்பியே எடுக்கப்படுகின்றன. அந்தப் படத்துக்கு முழுப் பொறுப்பு ரேடியோகிராபருடையது. ஆகவே எங்கே சேர்வது, எதை எந்த வரிசையில் கற்பது, எதில் ஏமாறாமல் இருப்பது என்பவற்றை, தமிழ்நாட்டு மாணவர்களை மனத்தில் வைத்து விரிவாக எழுதுகிறேன்.

வேலை இன்னதென்று அறிதல்

எக்ஸ்-ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., மேமோகிராம் (மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்-ரே) ஆகியவற்றை எடுப்பவர் ரேடியோகிராபர் அல்லது இமேஜிங் டெக்னாலஜிஸ்ட். அந்தப் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட், அவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் எம்.டி. அல்லது அதற்கு இணையான படிப்பு முடித்த மருத்துவர். பி.எஸ்சி. ரேடியாலஜி படித்தவர் ரேடியாலஜிஸ்ட் ஆகிவிடுவதில்லை என்பதைப் பெற்றோர்களும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரிவதில்லை. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் காரணமாக, கர்ப்பிணிகளுக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்யும் உரிமை தகுதி பெற்ற, பதிவு செய்த மருத்துவர்களுக்கே உண்டு. வெளிநாடுகளில் சோனோகிராபர் என்று தனித் தொழிலே இருக்கிறதே என்று எண்ணி, ஸ்கேன் போடுவதற்காகவே இந்தப் படிப்பில் சேர்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் ரேடியோதெரபி டெக்னாலஜி தனிப் படிப்பு, தனி வேலை. விண்ணப்பிக்கும்போது இரண்டின் பெயர்களும் அருகருகே இருப்பதால் குழப்பிக்கொள்ளக் கூடாது.

படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

தமிழ்நாட்டில் முதன்மையாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பி.எஸ்சி. பட்டப்படிப்பு, மூன்று ஆண்டுகள் வகுப்பும் பயிற்சியும், அதன் பின் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகும். மற்றொன்று டிப்ளமோ. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைப் படித்திருக்க வேண்டும். அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வின் வழியே, பிளஸ் டூ மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் கொண்டு நிரப்பப்பட்டு வருகின்றன. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், யாரோ சொன்னதை நம்பாமல் அந்த ஆண்டின் விளக்கக் கையேட்டை வரி விடாமல் படித்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், தில்லி எய்ம்ஸ் போன்றவற்றுக்குத் தனித்தனிச் சேர்க்கை முறைகள் இருக்கின்றன.

பட்டமா, டிப்ளமோவா என்று கேட்பவர்களுக்கு என் பதில், குடும்பச் சூழல் இடம் கொடுத்தால் பட்டம் என்பதே. இதற்குச் சட்ட வழியான காரணமும் உண்டு. 2021இல் நிறைவேறிய தேசிய துணைமருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர் ஆணையச் சட்டம், இந்தத் துறையினரை முதன்முறையாக ஒரு தேசியப் பதிவேட்டின் கீழ் கொண்டுவருகிறது. அந்தச் சட்டம் டிப்ளமோ நிலைக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பையும், பட்ட நிலைக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பையும் வரையறுக்கிறது. வரும் ஆண்டுகளில் பதவி உயர்வும் மேற்படிப்பும் வெளிநாட்டு வேலையும் இந்த வரையறையை ஒட்டியே அமையும் என்று நான் கருதுகிறேன். டிப்ளமோ படித்துவிட்டு நல்ல வேலையில் இருப்பவர்கள் ஏராளம். அவர்களுடைய கைத்திறனைக் குறைத்துச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'ஆறே மாதத்தில் எக்ஸ்-ரே டெக்னீஷியன்' என்று பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரம் செய்யும் நிறுவனங்களின் பக்கம் போகவே வேண்டாம். அவற்றின் சான்றிதழ் அரசு வேலைக்கு உதவாது. எக்ஸ்-ரே கருவி வைத்திருக்கும் ஒவ்வொரு இடமும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டது. தகுதி உள்ளவரையே கருவியை இயக்க அமர்த்த வேண்டும் என்பது அந்த விதிகளுள் ஒன்று. தகுதியற்ற சான்றிதழை வைத்துக்கொண்டு ஒரு சிறிய ஸ்கேன் சென்டரில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்பவர், ஆய்வு வரும் நாளில் 'இன்று வராதே' என்று சொல்லப்படும் நிலையில்தான் காலம் தள்ள வேண்டியிருக்கும்.

கல்லூரியை நேரில் போய்ப் பார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால், இதைக் கடைப்பிடியுங்கள். கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அது இணைந்திருக்கும் மருத்துவமனையின் எக்ஸ்-ரே பிரிவு வாசலில் காலை பத்து மணிக்குப் போய் நில்லுங்கள். வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள், கேஷுவாலிட்டியிலிருந்து ஸ்ட்ரெச்சர்கள் வந்துகொண்டிருக்கின்றனவா, மாணவர்கள் நோயாளியின் அருகில் நின்று கைவைத்து வேலை செய்கிறார்களா அல்லது சுவர் ஓரமாகக் கைகட்டி நிற்கிறார்களா என்று கவனியுங்கள். இந்தத் தொழில் கண்ணாலும் கையாலும் கற்கப்படுவது. நோயாளிகள் வராத மருத்துவமனையில் எத்தனை கோடி ரூபாய்க் கருவி இருந்தாலும் மாணவருக்கு அதனால் பயனில்லை.

இந்தக் காரணத்தால்தான் அரசு மருத்துவக் கல்லூரி இடம் கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியின் பகுதியாக 1934 முதல் இயங்கிவரும் பர்னார்டு ரேடியாலஜி நிறுவனம், தென்னிந்தியாவில் இத்துறையின் தாய்வீடு போன்றது. மதுரை, கோவை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளிலும் விபத்து, காசநோய், குழந்தை நோய், புற்றுநோய் என எல்லா வகை நோயாளிகளும் நாள் முழுவதும் வந்துகொண்டிருப்பார்கள். கருவி சற்றுப் பழையதாக இருக்கலாம்; ஆனால் பழைய கருவியில் நல்ல படம் எடுக்கக் கற்றவருக்குப் புதிய கருவி ஒரு வாரத்தில் வசப்படும்.

தனியார் கல்லூரியானால், இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். சி.டி. அறையில் உங்களை ஸ்கேன் திட்டமிட விடுகிறார்களா, டி.எல்.டி. பேட்ஜ் (அணிபவர்மீது படும் கதிர்வீச்சை அளக்கும் அட்டை) கொடுத்திருக்கிறார்களா, இன்டர்ன்ஷிப்பில் உதவித்தொகை உண்டா என்ற கேள்விகளுக்கு அவர் தரும் பதில், கல்லூரி அச்சிட்டுத் தரும் வண்ணத் தாள்களைவிட நம்பத்தக்கது. சேர்வதற்கு முன், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா என்பதைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாண்டில் இயற்பியலைப் பிடித்துக்கொள்ளுதல்

உடற்கூறியல், உடலியங்கியல் பாடங்களைப் பெரும்பாலான மாணவர்கள் ஆர்வத்தோடு படித்துவிடுகிறார்கள். தடுமாறுவது கதிர்வீச்சு இயற்பியலில்தான். எக்ஸ்-ரே குழாயில் டங்ஸ்டன் இலக்கின்மீது மோதும் எலெக்ட்ரான்களின் ஆற்றலில் 99 விழுக்காட்டுக்கு மேல் வெப்பமாகவே போய்விடுகிறது. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானதே எக்ஸ்-கதிராக மாறுகிறது. அந்த இலக்கு அமைந்திருக்கும் ஆனோடு ஏன் சுழல்கிறது, தொடர்ந்து எக்ஸ்போஷர் கொடுத்தால் (கதிரைப் பாய்ச்சினால்) கருவி ஏன் நிறுத்திக்கொள்கிறது என்பதெல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்து விளங்கிவிடும். இப்படிக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு படித்தால் இயற்பியல் மனப்பாடச் சுமையாக இருக்காது.

கே.வி. (குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தம்) என்பது கதிரின் ஊடுருவும் ஆற்றலைத் தீர்மானிக்கிறது, எம்.ஏ.எஸ். (மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய அளவு) என்பது கதிரின் அளவைத் தீர்மானிக்கிறது. கே.வி.யை 15 விழுக்காடு உயர்த்தினால், எம்.ஏ.எஸ்.ஸை இரட்டிப்பாக்கியதற்கு ஏறக்குறைய இணையான விளைவு படத்தில் கிடைக்கும். தூரத்தை இரு மடங்காக்கினால் கதிரின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். இந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் வார்டில் போர்ட்டபிள் கருவியோடு நிற்கும்போது கணக்குப் போட நேரம் இருக்காது.

டிஜிட்டல் கருவிகள் வந்த பிறகு ஒரு கெட்ட பழக்கமும் கூடவே வந்திருக்கிறது. ஃபிலிம் காலத்தில் எக்ஸ்போஷர் கூடினால் படம் கறுத்துப் போய்த் தவற்றைக் காட்டிக்கொடுக்கும். இப்போது மென்பொருள் அதைச் சரிசெய்து அழகாகக் காட்டிவிடுவதால், தேவைக்கு மேல் கதிர்வீச்சு கொடுத்தது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் கருவி காட்டும் எக்ஸ்போஷர் குறியீட்டு எண்ணைப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மங்கலான, புள்ளி புள்ளியான படம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் எல்லாருக்கும் கூட்டியே வைப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

சாதாரண எக்ஸ்-ரேயில் தேறுதல்

மாணவர்கள் எல்லாரும் சி.டி., எம்.ஆர்.ஐ. போஸ்டிங்குக்காகத் துடிப்பார்கள். என்னைக் கேட்டால், சாதாரண எக்ஸ்-ரேயில் தேறாதவர் வேறெதிலும் தேறமாட்டார். சி.டி. கருவி நோயாளியைச் சுற்றிச் சுழன்று தானே படம் பிடித்துவிடும். எக்ஸ்-ரேயில் நோயாளியின் உடலைச் சரியான கோணத்துக்குக் கொண்டுவருவது முழுக்க முழுக்க உங்கள் கைத்திறன்.

எளிதென்று எல்லாரும் நினைக்கும் நெஞ்சு எக்ஸ்-ரேயையே எடுத்துக்கொள்வோம். நோயாளி உள்ளே வந்ததும் 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்க வேண்டும், 'நீங்கள்தானே முருகன்?' என்று கேட்கக் கூடாது, ஏனெனில் பதற்றத்தில் இருப்பவர் எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்பார். பெயர், வயது, மருத்துவமனை எண் மூன்றும் சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். கழுத்துச் சங்கிலி, தாலிக்கயிற்றில் கோத்த ஊக்கு, சட்டைப் பையில் உள்ள நாணயம் ஆகியவற்றை எடுக்கச் சொல்ல வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்களிடம் வற்புறுத்தாமல், அதை நுரையீரல் பரப்புக்கு மேலே தூக்கி, வாயால் கவ்விக்கொள்ளவோ தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளவோ சொல்லலாம். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணிடம், மற்றவர் காதில் விழாதபடி, 'நாள் தள்ளிப் போயிருக்கிறதா அம்மா?' என்று கேட்டுவிட வேண்டும். திருமணம் ஆகாதவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கி விட்டுவிடக் கூடாது. எல்லாரிடமும் கேட்கும் கேள்வி என்று சொல்லிவிட்டுக் கேட்டால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

பிறகு நெஞ்சு டிடெக்டரில் (படத்தைப் பதிவுசெய்யும் பலகையில்) படும்படி நிறுத்தி, குழாயை 180 சென்டிமீட்டர் தள்ளி வைக்கிறோம். இதயம் டிடெக்டருக்கு அருகில் இருப்பதாலும், தூரம் அதிகமாக இருப்பதாலும் அதன் நிழல் பெரிதாகாமல் இயல்பான அளவில் விழும். கைகளை இடுப்பில் வைத்து முழங்கைகளை முன்னால் தள்ளச் சொன்னால், தோள்பட்டை எலும்புகள் நுரையீரல் பரப்பை விட்டு விலகிவிடும். 'மூச்சை நல்லா இழுங்க... அப்படியே நிறுத்துங்க' என்று சொல்லிவிட்டு நோயாளியின் தோள்களைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் மூச்சை நிறுத்தச் சொன்னவுடன் விட்டுவிடுபவர்களே அதிகம் என்பதால், எக்ஸ்போஷருக்கு முன் ஒருமுறை ஒத்திகை பார்ப்பது நேரத்தை வீணாக்குவது ஆகாது. படம் வந்ததும், இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் நடுவில் உள்ள முதுகெலும்பின் முள்முனையிலிருந்து சம தூரத்தில் உள்ளனவா, உதரவிதானத்துக்கு மேல் பின்புற விலா எலும்புகள் ஒன்பது பத்தாவது தெரிகின்றனவா, நுரையீரலின் உச்சியும் கீழ் மூலைகளும் வெட்டுப்படாமல் இருக்கின்றனவா, இடது வலது குறி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே நோயாளியை அனுப்ப வேண்டும்.

படுத்த படுக்கையாக உள்ளவருக்கு வார்டில் எடுக்கும்போது கதிர் முன்புறமிருந்து பாய்வதால் இதயம் பெரிதாகத் தெரியும். அந்தப் படத்தில் 'ஏ.பி.' (முன்னிருந்து பின்னாக) என்றும், படுத்த நிலையா உட்கார்ந்த நிலையா என்றும் குறிக்கத் தவறினால், இல்லாத இதய வீக்கத்தை இருப்பதாகக் கருத நேரிடும்.

விபத்து நோயாளிகளிடம் பாடப்புத்தகப் போஸிஷனிங் உதவாது. இடுப்பு எலும்பு முறிந்திருக்குமோ என்ற ஐயம் உள்ள பாட்டியின் காலைப் பக்கவாட்டுப் படத்துக்காகத் திருப்பவே கூடாது. அடிபட்ட காலை அசைக்காமல் மறு காலை உயர்த்தி, குழாயைக் கிடைமட்டமாகத் திருப்பி எடுக்க வேண்டும். கழுத்தில் காலர் போட்டு வருபவரின் காலரை மருத்துவர் சொல்லாமல் கழற்றக் கூடாது. நோயாளியைத் திருப்புவதற்குப் பதிலாகக் கருவியைத் திருப்புவது என்ற இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளவே கேஷுவாலிட்டி இரவுப் பணிகளைக் கேட்டு வாங்கிச் செய்ய வேண்டும்.

எக்ஸ்-ரே எடுத்தவுடன் உறவினர்கள் 'என்ன சார் தெரியுது, எலும்பு உடைஞ்சிருக்கா?' என்று கேட்பார்கள். ரிப்போர்ட் சொல்வது நம் வேலையன்று. 'டாக்டர் பார்த்துச் சொல்லுவாருங்க' என்று கனிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நுரையீரல் சுருங்கி மார்புக்கூட்டில் காற்று நிறைந்திருப்பது போன்ற ஆபத்தான நிலை படத்தில் தெரிந்தால், வரிசைப்படி ரிப்போர்ட் வரட்டும் என்று இருக்காமல், அந்த நிமிடமே மருத்துவரை அழைத்துக் காட்ட வேண்டும்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் பழக்கமாக்குதல்

இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு, தொடர்ந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்தத் தனி ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. பதினெட்டு வயது நிறையாத பயிற்சி மாணவருக்கு வரம்பு ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட். ஒப்பீட்டுக்காகச் சொன்னால், மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மனிதர் இயற்கையாகப் பெறுவதே உலகச் சராசரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட். ஒழுங்காக வேலை செய்யும் ரேடியோகிராபர் பெறும் அளவு அந்த வரம்புக்கு வெகு கீழேயே இருக்கும். ஆகவே 'இந்த வேலைக்குப் போனால் குழந்தை பிறக்காது, முடி கொட்டிவிடும்' என்று உறவினர்கள் சொல்லும் பேச்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது அலட்சியத்துக்குத்தான்.

டி.எல்.டி. பேட்ஜை மார்பு மட்டத்தில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். அது தடுப்பதற்கான கருவியன்று, அளப்பதற்கான கருவி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு அளவு கணக்கிடப்படும். பேட்ஜை எக்ஸ்-ரே அறைக்குள்ளேயே ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், நீங்கள் வாங்காத அளவெல்லாம் உங்கள் பெயரில் ஏறும். ஏப்ரனை மடித்து வைத்தால் உள்ளே இருக்கும் ஈயப் படலம் விரிசல் விடும். அதற்கான கம்பியில் தொங்கவிட வேண்டும். அழும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள மாணவரை உள்ளே அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதற்கு இணங்காதீர்கள். பிடிக்கத்தான் வேண்டுமென்றால், கர்ப்பமாக இல்லாத உறவினர் ஒருவர் ஏப்ரன் அணிந்துகொண்டு பிடிக்க வேண்டும். பணியில் இருக்கும் பெண் கருவுற்றால் உடனே எழுத்து வழியாகத் தெரிவிப்பது அவருடைய உரிமை. அதன் பின் கருவுக்கு எஞ்சிய காலம் முழுவதும் 1 மில்லிசீவர்ட்டுக்கு மிகாதபடி பணியை மாற்றித் தருவது நிறுவனத்தின் கடமை.

சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும்

சி.டி. அறையில் முதலில் கற்க வேண்டியது, உறுப்புகளைப் படத்தில் தெளிவாகப் பிரித்துக் காட்டச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்தைப் பற்றி. அயோடின் கலந்த அந்த மருந்தைச் செலுத்துவதற்கு முன் கிரியேட்டினின் அளவு (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), முந்தைய ஒவ்வாமை, ஆஸ்துமா, சர்க்கரை நோய் மாத்திரை ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட பிறகு உடல் சூடாவது போலவும் சிறுநீர் போய்விட்டது போலவும் தோன்றும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பாதி நோயாளிகள் நடுவில் பதறி அசையமாட்டார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-கதிர் கிடையாது. ஆனால் உயிருக்கு ஆபத்து அங்கேதான் அதிகம். 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமை உடையது, அது இரவும் பகலும் இயங்கிக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் சென்ற இளைஞர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஸ்கேன் நடக்கவில்லை என்றால் காந்தமும் வேலை செய்யவில்லை என்று நினைப்பது இத்தகைய விபத்துகளுக்கு வழிவிடும். பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாய்க் கிளிப், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, கண்ணில் பட்ட இரும்புத் துகள் ஆகியவற்றைப் பற்றி நோயாளியிடம் ஒருமுறை, உடன் வந்தவரிடம் ஒருமுறை என இரண்டு தடவை கேட்க வேண்டும். பெரிய மருத்துவர் அவசரப்படுத்தினாலும், அட்டெண்டர் இழுத்து வரும் ஸ்ட்ரெச்சரை வாசலில் நிறுத்தும் துணிவு டெக்னாலஜிஸ்டுக்கு வேண்டும்.

இன்டர்ன்ஷிப்பும் அதன் பிறகும்

இன்டர்ன்ஷிப் ஆண்டைச் சான்றிதழுக்காகக் கழிக்கும் ஆண்டாக எண்ணாமல், பலவீனமான இடங்களைச் சரிசெய்யும் ஆண்டாகக் கொள்ளுங்கள். பெண் மாணவர்கள் மேமோகிராமைக் கட்டாயம் கற்க வேண்டும். அந்தப் பணிக்குப் பெண்களையே மருத்துவமனைகள் தேடுகின்றன, நன்கு பழகியவர்கள் குறைவு.

அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வெளியிடும் ரேடியோகிராபர் அறிவிப்புகளையும், ரயில்வே, இ.எஸ்.ஐ., எய்ம்ஸ் நிறுவனங்களின் அறிவிப்புகளையும் கவனித்து வர வேண்டும். மேற்படிப்பாக எம்.எஸ்சி. இமேஜிங் டெக்னாலஜி இருக்கிறது. மெடிக்கல் பிசிக்ஸ் படித்து மருத்துவ இயற்பியலாளர் ஆகலாம் என்று எண்ணுபவர்கள் ஒன்றை அறிய வேண்டும்: அதற்கு அடிப்படைப் பட்டத்தில் இயற்பியல் முதன்மைப் பாடமாக இருந்திருக்க வேண்டும் என்பதால், பி.எஸ்சி. ரேடியோகிராபி பொதுவாக அந்த வாசலைத் திறக்காது. பிரிட்டனில் சுகாதாரத் தொழிலர்களைப் பதிவு செய்யும் ஹெச்.சி.பி.சி. அமைப்பின் பதிவும், வளைகுடா நாடுகளில் அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வும் வேண்டும். அமெரிக்காவில், ரேடியோகிராபர்களுக்குச் சான்றளிக்கும் ஏ.ஆர்.ஆர்.டி. அமைப்பு தான் ஏற்ற படிப்பையே கேட்பதால், அங்கே பெரும்பாலும் மீண்டும் படிக்க நேரும்.

கல்லூரியை விட்டோ, ஒரு வேலையை விட்டோ வெளியேறும்போது மதிப்பெண் பட்டியல், இன்டர்ன்ஷிப் சான்றிதழ், எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் பணியாற்றினீர்கள் என்ற கையொப்பமிட்ட பதிவு ஆகியவற்றோடு, உங்கள் டி.எல்.டி. அளவுப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஐந்தாண்டுக் கணக்கு நிறுவனத்தோடு முடிவதில்லை; அது உங்களோடு அடுத்த இடத்துக்கும் வரும். புதிய இடத்தில் சேரும்போது, பழைய பேட்ஜ் எண்ணைச் சொல்லி அதே எண்ணின் கீழ்ப் பதிவைத் தொடரச் செய்யுமாறு அங்குள்ள கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.